வாலைச் சுழற்றிய தேவி

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக வந்து, ஈரம் காயாத அட்டைப்படத்தின் மேல் விழுகிறது. நாவலாசிரியை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முதல் மாயக்கதை. சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். படத்தில் அவள் படைத்த தேவி இருளரக்கனை எதிர்த்து நிற்கிறாள். எட்டுக் கைகளும் வெறுங்கைகள். பின்னாலிருந்து எழும் பொன் வால் ஒன்று விண்மீன்களை வாரிச் சுழற்றுகிறது. "வாலா? வாள்டா, வாள்! குண்டு ள!" என்று கத்துகிறாள். ஓவியனான தம்பி தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு, அவள் தட்டச்சு செய்த தாளை நீட்டுகிறான். "நீதான்க்கா அடிச்சிருக்கே. 'தேவி வாலைச் சுழற்றினாள், இருள் கிழிந்தது'ன்னு." மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. அவள் வரியைப் படிக்கிறாள், படத்தைப் பார்க்கிறாள், மறுபடியும் வரிக்கு வருகிறாள். "மாத்திடவா? ஒரு வாள் வரைய எவ்வளவு நேரமாகப் போகுது?" என்கிறான் தம்பி. "வாள்தான் எல்லாச் சாமிகிட்டயும் இருக்கேடா." அவள் உதட்டோரம் துடிக்கிறது. "சின்ன வயசுலேருந்து எல்லாரும் எங்கிட்ட என்ன சொன்னாங்க?" தம்பிக்குச் சிரிப்பு பீறிடுகிறது. "வாலைச் சுருட்டிக்கிட்டு இருன்னு." அவள் சிவப்புப் பேனாவை மூடி மேசையில் வீசுகிறாள். வெயில் வாலின் நுனிக்கு நகர்ந்துவிட்டது. அங்கே பொன் பற்றியெரிகிறது. "இன்னும் நீளமா போடுடா," என்கிறாள். "பின்னட்டை வரைக்கும் போகட்டும்."