முருங்கைக்கு ஒரு மனு

"என்னங்க, பதினாலு நாளுக்குள்ள மரத்தை வெட்டணுமாம். இல்லாட்டி அவங்களே ஆள் அனுப்பி வெட்டிடுவாங்களாம்!"

ஜலஜா கடிதத்தை நீட்டினாள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் அவர்கள் வீடு. கடிதம் போட்டது அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம். புல்லின் உயரம், கதவின் நிறம், குப்பைத்தொட்டி எத்தனை மணிவரை தெருவில் நிற்கலாம் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் போட்டு வைத்திருக்கும் புண்ணியவான்கள். அவர்கள் அனுமதித்த மரங்களின் பட்டியலில் முருங்கை இல்லை.

ஜெயபிரகாஷ் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். ஜலஜா விதை போட்டு வளர்த்த மரம். டெக்சாஸே உறைந்துபோன அந்தக் குளிர்காலத்தில் கருகி, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த மரம். தெருவிலிருக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்களுக்கும் கீரை இங்கிருந்துதான்.

"நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா? அவங்க பாட்டுக்கு வெட்டுன்னா வெட்டிடணுமா?" என்று குதித்தான்.

"அதான் நானும் கேக்கறேன். ஆப்பிரிக்காவுல, மொசாம்பிக்ல கேஸ் பைப் போடறதுக்கே பர்மிஷன் வாங்கற ஆளு நீங்க. ஒத்தை முருங்கை மரத்துக்கு வாங்க முடியாதா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எரிவாயு கம்பெனியில் அவன் வேலையே அதுதான், அனுமதிக் காகிதங்களையும் ஆட்சேப மனுக்களையும் பார்ப்பது.

"சனிக்கிழமை ஹியரிங் வெச்சிருக்காங்க. மூணு நிமிஷம் பேசலாமாம். நீ கவலைப்படாத. ஆபீஸ்ல இந்த மாதிரி மனு எவ்வளவோ பாத்திருக்கேன். எது மனசைத் தொடும்னு எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை காலை பத்து மணி. சங்கத்தின் ஐந்து பேரும் மேஜைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவியம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஜெயபிரகாஷ் லேப்டாப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தான்.

"உங்கள் கண்ணுக்கு இது மரம். எங்களுக்கு இது சாப்பாடு. எங்கள் பிள்ளைகள் இதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அவர்களும் இங்கேதான் வந்து பறித்துக்கொண்டு போவார்கள்..."

ஜலஜா அவனை வியந்து பார்த்தாள். இந்த மனுஷனுக்கு இப்படியெல்லாம் பேச வருமா?

"எங்கள் மண்ணில் ஒருநாள்கூட வந்து நிற்காதவர், எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து எங்களுக்காக முடிவெடுத்துவிட்டார். எங்களை யாரும் கேட்கவில்லை. இந்த முந்திரியை... மன்னிக்கவும், இந்த முருங்கையை வெட்டினால் நிழல் மட்டும் போகாது. அடுத்த வருடத்துச் சோறும் போய்விடும்."

அவன் உட்கார்ந்தான். தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு ஓட்டெடுப்பு. ஐந்து கைகளும் மரத்துக்காக உயர்ந்தன.

திரும்பும்போது காரில் ஜலஜா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

"அழுதுட்டேங்க நான்! ஆமா, நடுவுல ஏன் முந்திரின்னு சொன்னீங்க?"

"டென்ஷன். வாய் குழறிடுச்சு."

"அப்புறம் அது என்ன, பக்கத்து வீட்ல அடுப்பு எரியலைன்னு? வெள்ளியங்கிரி அண்ணா வீட்ல ரெண்டு ஃப்ரிட்ஜ் ரொம்பி வழியுது!"

"எல்லாம் ஒரு எஃபெக்ட்டுக்குத்தான். வேலை ஆச்சா இல்லையா?"

இருவரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் நேராகக் கொல்லைப்பக்கம் போனான். மத்தியானத்துக்கு முருங்கைக்கீரை அடை என்று காரிலேயே முடிவாகியிருந்தது.

ஜலஜாவின் போன் விடாமல் சிணுங்கியது. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து மழை. வெள்ளியங்கிரி அண்ணா எழுதியிருந்தார்: 'அந்த ஸ்பீச்சை ஒரு போட்டோ எடுத்து இங்க போடும்மா. எங்க வீட்டு கறிவேப்பிலைக்கும் நாளைக்கு நோட்டீஸ் வரும்.'

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் லேப்டாப் பையைத் திறந்து அந்த இரண்டு தாள்களை எடுத்தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்து, போனை மேலே பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

அது அவன் எழுதியது இல்லை. ஆங்கிலத்தில் டைப் செய்த ஏதோ ஒரு மனு. முந்திரி என்று இருந்த இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்து, மேலே முருங்கை என்று எழுதியிருந்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடிக்க மறந்திருந்தான்.

"ஜலஜா, ரெண்டு கட்டு கீரை போதுமா?" கொல்லையிலிருந்து குரல் வந்தது.

அவள் இரண்டாவது தாளைத் திருப்பினாள். மொசாம்பிக் கடலோரத்துக் கிராமம் ஒன்றின் பெயர். அதன் கீழே பதினேழு பெண்களின் கைரேகை. அதற்கும் கீழே, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியிட்டு, அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் இரண்டு வரிகள்:

'ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. மரங்களை வெட்டலாம். - ஜெயபிரகாஷ்.'