ஏழாவது உடை

"இதுவும் சரிப்படலை. இடுப்புல ரெண்டு இன்ச் கூட்டு. கையை முழங்கை வரைக்கும் இறக்கு. உயரத்தைக் குறைச்சிடு."

மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் குறித்துக்கொண்டாள்.

"போன வாரம் உயரம் பத்தலைன்னீங்களே அத்தை?"

"சொன்னேன். இப்ப குறைன்னு சொல்றேன்."

பின்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு, நீச்சலுடை தைத்து விற்பவள் அவள். பந்தயத்தில் நீந்துகிறவர்களுக்கு அல்ல. பிள்ளை பெற்று வயிறு தளர்ந்து, அரை மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் போதும் என்கிற பெண்களுக்கு. அக்குளில் உரசாது, உட்கார்ந்து எழுந்தால் மேலே ஏறாது. இலை, இறகு, மேகம் என்று ஒவ்வொன்றிலும் அவளே வரைந்த சித்திரம் இருக்கும். ஊருக்கெல்லாம் பொருந்தியது, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாமியாருக்கு மட்டும் பொருந்த மாட்டேன் என்றது.

மூட்டுவலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நீச்சல் குளத்தில் மாமியார் பேரைப் பதிந்தாயிற்று. முதல் உடையை இவளே அளவெடுத்துத் தைத்தாள். தோள் இறுக்கம் என்றார் மாமியார். அடுத்ததில் கழுத்து இறக்கம். அதற்கடுத்ததில் தொடை தெரிகிறது. இப்போது ஆறாவது தைக்க வேண்டும்.

"பழசையெல்லாம் குடுங்க அத்தை, பிரிச்சுத் திருத்தித் தர்றேன்."

"அது கிடக்கட்டும். நீ புதுசாவே தை."

வீட்டில் கணவன் சிரித்தான். "அம்மாவுக்குத் தண்ணியில இறங்க பயம். உன் தையல் ஒரு சாக்கு. விட்டுத் தொலை."

விட முடியவில்லை. கண் எரிய, தோள் கழன்றுவிடும் போல வலிக்க, ஆறாவதையும் முடித்துக் கொடுத்தாள். மறுநாள் போன் வந்தது.

"இடுப்பு சரியா இருக்கு. ஆனா மார்புல லூசு. இன்னொண்ணு தைச்சிடேன்."

போனை வைத்துவிட்டு மெஷின்மேல் தலை சாய்த்தாள். இன்னொரு துணியை வெட்ட அவள் கையில் தெம்பு இல்லை. வீம்புக்கு வேலை வாங்குகிறவரோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? நீச்சல் குளத்தில் மாமியார் பேரை எடுத்துவிடச் சொன்னால் தீர்ந்தது என்று கிளம்பினாள்.

"பேரை எடுக்கணுமா?" குளத்துக் காவலாளிப் பெண் இவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அவங்க ஒரு நாள்கூட லீவு போட்டதில்லையே! அதோ, தண்ணியிலதான் இருக்காங்க."

மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

முதன்முதலில் தைத்துக் கொடுத்த உடையில், இடுப்பளவு தண்ணீரில், மாமியார் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக ஐந்து பெண்கள். நெட்டையாக ஒருத்தி, தோள் அகன்ற ஒருத்தி, கடைசியில் குள்ளமாய், முழங்கை வரை கைவைத்த உடையில் ஒருத்தி. அத்தனை பேர் மேலும் இவள் வரைந்த சித்திரங்கள். எங்கேயும் ஓர் இறுக்கம் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

மாமியார் இவளைப் பார்த்தும் அசரவில்லை.

"அளவு குடுக்கக் கூச்சப்பட்டாளுங்க. நான்தான் கண்ணாலயே அளந்து சொன்னேன்," என்றவர், படியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார். "வந்ததும் நல்லதாப் போச்சு. இவளை மட்டும் நீயே அளந்துடு. துண்டை எடுக்க மாட்டேங்கறா."