நாலாவது குரல்

இராசதுரையைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஏசுவதற்கும் இரண்டு அறை அறைவதற்கும் கதிரை தேவையில்லை. ஆறுதலாக விசாரிக்கிற விஷயத்துக்குத்தான் கதிரை.

ஈச்சிலம்பற்றில் பூட்டிக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடை அது. வெளியே நல்ல வெயில். உள்ளே பழைய மண்ணெண்ணெய் மணம். மேசையில் ஒரு கசெற் ரெக்கோடர் இருந்தது. அதற்குப் பின்னால் இயக்கத்துக்காரன் ஒருவன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தான்.

அவன் பொத்தானை அமுக்கினான். நேற்றுப் பின்னேரம் கோயில் வீதியில் நடந்த பகிடி நாடகம் ஓடத் தொடங்கியது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

தன்னுடைய பகிடிக்குச் சனம் சிரிப்பதைக் கேட்டு இராசதுரை தலையைக் குனிந்தது இதுதான் முதல் தடவை.

திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். திருவிழாக் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு நாடகக் குழுவோடு கிளம்பிவிடுவார். ஊருக்கு ஊர் ஒரே பகிடிதான். படத்தில் வருகிற கதாநாயகன் சூடுபட்டு அம்மாவின் மடியில் கிடப்பான். உடம்பெல்லாம் குண்டு. ஆனாலும் சாகமாட்டான், வசனம் பேசி முடியவேண்டுமே. கதாநாயகன் இராசதுரை. அம்மா, மூதூர் ஹிஸ்புல்லா, சேலையும் மீசையுமாக.

"கெதியாச் சாவன் மகனே, கடைசி பஸ்ஸும் போகப்போகுது" என்று ஹிஸ்புல்லா மாரடித்து அழும்போது சனம் மண்ணில் புரளும்.

அதே சாவு மூன்று தரம், ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு குரல். முதலில் பழைய படத்து ராசா நடிகர், பிறகு தலைமயிரைக் கோதுகிற புது நடிகர், கடைசியில் வானொலியில் செய்தி வாசிப்பவர். மூன்றோடு சரி. நேற்றுச் சனம் விடவில்லை. இன்னும் ஒருக்கால் சாகச் சொல்லி ஒரே கூச்சல்.

கைதட்டல் மனிதனை மொக்கனாக்கிவிடும். இராசதுரையின் வாயில் நாலாவது குரல் வந்துவிட்டது.

அது அந்தப் பகுதி இயக்கப் பொறுப்பாளரின் குரல். போன திருவிழாவில் நாடகத்தைத் தொடங்கவிடாமல் அவர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தபோது, பக்கத்தில் நின்று பிடித்த குரல். தொண்டையைச் செருமுவது, வசனத்தின் கடைசியை இழுப்பது, எல்லாம் அச்சொட்டாக. அந்தக் குரலில் கதாநாயகன் அம்மாவிடம் விடைபெற்றுத் தலையைச் சாய்த்தான்.

ஹிஸ்புல்லா தொடையில் கிள்ளிய பிறகுதான், ஒருவரும் சிரிக்கவில்லை என்பது இராசதுரைக்கு உறைத்தது.

இன்று காலை குழுவில் மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டு, இவரை மட்டும் பிறகு வேறு வள்ளத்தில் அனுப்புவதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

கசெற்றில் நாலாவது குரல் வந்தது. செருமல், இழுவை, சாவு. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கடல் பக்கம் எங்கேயோ நேவிக்காரரின் வெடி கேட்டது. அவன் ரெக்கோடரை நிறுத்தினான்.

இராசதுரை கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர்களைப் பகிடி பண்ணியது பிழை என்றார். பொறுப்பாளரின் காலில் விழுகிறேன் என்றார். மனைவி கமலாதேவி வீட்டில் தனிய, அவளுக்கு என்னைவிட ஆளில்லை என்றார். உயிரோடு வீட்டுக்குப் போனால் போதும், இனி மேடையில் ஏறுவதே இல்லை என்று கோணேசருக்கு நேர்ந்துகொண்டார்.

அவன் பகிடியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அண்ணை, பொறுப்பாளர் செத்தது எங்களில ரெண்டு மூண்டு பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு ஆர் சொன்னது?"

இராசதுரை எத்தனையோ பேருடைய முகத்தைத் தன் முகத்தில் கொண்டுவந்தவர். அந்த நேரத்தில் சொந்த முகத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அவன் அந்த முகத்தைக் கனநேரம் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கும் முகம் வெளிறியது. இந்த மனிதனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும். சொன்னது அவனேதான்.

வெறும் பகிடிதான் என்று நம்பினால் விட்டுவிடுவார்கள் என்றுதான் இராசதுரை விடிந்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவன் நம்பிவிட்டான்.

அவன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து ரெக்கோடரில் புதுக் கசெற் ஒன்றைப் போட்டான்.

"பின்னேரம் சனத்தைக் கூப்பிட்டிருக்கிறம். அவர் உயிரோட இருக்கிறாரெண்டு சனம் நம்போணும். நான் சொல்லச் சொல்ல அந்தக் குரலில கதையுங்கோ."

இராசதுரை பேசினார். குரல் நடுங்கியது. அவன் கசெற்றைப் பின்னால் ஓட்டினான். மறுபடி பேசினார். அடுத்த தரம் ஒரு பிசகும் இல்லை. வெளியே காவலுக்கு நின்றவர்கள் அந்தக் குரலைக் கேட்டுச் சட்டென்று கதையை நிறுத்தினார்கள். ஒருவன் "எப்ப வந்தவர்?" என்று மெல்லக் கேட்டான்.

அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டதில் இராசதுரைக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

"தம்பி, நான் எப்ப வீட்டை போறது?"

அவன் கசெற்றை வெளியே எடுத்து, மறுபக்கம் திருப்பிப் போட்டான். தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கட வீட்டுக்குக் காலமையே அறிவிச்சாச்சு அண்ணை. வள்ளம் கவிண்டு, நீங்கள் கடலோட போயிட்டியள் எண்டு."