கறுப்பு டேப்

ஜாக்கியில் ஏறி நிற்கும் காரின் பின்சக்கரத்தை மெக்கானிக் கையால் சுழற்றுகிறார். காரில் செருகிய ஸ்கேனரில் அதன் வேகம் ஏறுகிறது. சக்கரத்துக்குப் போகும் சென்சார் வயரை விரலால் லேசாக வளைத்ததும், சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எண் பூஜ்யமாகிறது. மேலே உறை முழுசாக இருக்கிறது. உள்ளே செம்பு அறுந்து கிடக்கிறது. ஒரு சாண் வயர், அவ்வளவுதான். இது விட்டுப்போனால் ஈர ரோட்டில் வழுக்கும் வண்டியைத் தானாகப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நசுங்கிய கதவு வழியே, சாவியைத் திருப்பி வைத்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்கிறார். மழையில் இந்தக் கார் வழுக்கி மோதியதில், ஓட்டிப்போன அவள் கணவன் ஆஸ்பத்திரியில், இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கிடக்கிறான். "வழுக்குற கார் படம் போட்ட மஞ்சள் லைட் எரியுதா பாரும்மா." "எரியலண்ணே. அன்னைக்கும் எரியலன்னுதான் அவரும் சொல்றாரு." வயர் அறுந்திருக்கும்போது அது எரியாமல் இருக்க வழியே இல்லை. எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார். மீட்டரின் மூலையில் நகமளவு கறுப்பு டேப். தூக்கிக்கொண்ட அதன் ஓரத்தில் மஞ்சள் கசிகிறது. அவள் கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுகிறது. "நான்தான் ஒட்டினேன்," என்கிறாள். "நான் ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போறப்ப விட்டு விட்டு எரிஞ்சு கண்ணை உறுத்துச்சு. அவருகிட்ட சொல்ல மறந்தே போச்சு." பின்னால், சுழற்றிவிட்ட சக்கரம் மெல்ல நிற்கிறது. மெக்கானிக்குக் கையிலிருக்கும் கிரீஸ் துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "வேகமா போனது தன் தப்புன்னு தினமும் அழறாருண்ணே," என்றபடி, அவள் டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறாள். மஞ்சள் மறைகிறது.