ஜானவாசக் கார்

"அங்கிள், இவ்ளோ ஸ்லோவாப் போனா இன்ஜின் ஹீட் ஆயிடாதா? டெக்சஸ் வெயில் வேற!"

காரின் கூரைத் திறப்பு வழியாக எழுந்து, கோட்டும் மாலையுமாக நின்றிருந்த மாப்பிள்ளை ஆதர்ஷ், உள்ளே குனிந்து கேட்டான். ஸ்பீக்கரில் நாகஸ்வரம் அலற, மாப்பிள்ளையை அழைத்துவரும் ஜானவாச ஊர்வலம் பிளானோ கோயிலின் பார்க்கிங் லாட்டைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்கு ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"ஆகாது மாப்பிள்ளை சார். சூடானாத்தான் ஃபேன் சுத்தும், இல்லேன்னா தானா நின்னுடும். அந்தக் காலத்துலயே யோசிச்சிருக்கான் பிரெஞ்சுக்காரன்!" என்றார் சிவராமகிருஷ்ணன், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, டிரைவர் கோட்டு. மணப்பெண் ஸ்ம்ருதியின் அப்பாவுக்கு இந்த வேஷம் தேவைப்பட்டது. பத்திரிகை வராத கல்யாணத்துக்கு வேறு எப்படி வருவது?

சில வருஷங்களுக்கு முன் இந்த பிரெஞ்சுக் கார், பூஜோ 403, கதவில்லாமல், சீட்டில்லாமல், துருப்பிடித்த கூடாக அவர் வீட்டு கராஜில் கிடந்தது. சனி, ஞாயிறு என்றால் மனிதர் அதற்கு அடியில்தான். மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக்கூடப் போகவில்லை. "இந்தக் காரா, நாங்களா?" என்று மனைவி ஷ்யாமளா கேட்டபோது, பாவி மனுஷர், "இந்த கியர்பாக்ஸ மட்டும் முடிச்சுடறேனே" என்றார். அந்த வாரமே அவள் மகளோடு வெளியேறினாள். மகளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கார் மட்டும் ஒருவழியாக முடிந்தது. பளபளவென்று வெண்ணெய் நிறம். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டு, தானே ஓட்டினார். போன மாதம் ஒரு வெட்டிங் பிளானர் போன் செய்து மணமக்கள் பெயரைச் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் விவரம் தெரியாமல் புக் செய்கிறார்கள் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் சம்மதித்துவிட்டார்.

மண்டப வாசலில் பெண்ணை ஒரு தடவை கண்ணாரப் பார்க்க வேண்டும், அப்படியே கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. ஷ்யாமளா கண்டுபிடித்துவிட்டால் கல்யாண வீடு ரணகளமாகிவிடும். ஆனால் அவள் பார்த்தது துருப்பிடித்த கூட்டைத்தானே? இந்தக் காரை அவளுக்கு எங்கே அடையாளம் தெரியப்போகிறது!

கால் வலிக்கிறது என்று ஆதர்ஷ் சீட்டில் வந்து உட்கார்ந்தான்.

"கிளாசிக் கார்னதும் பெரிசா பந்தாவா இருக்கும்னு நெனச்சேன் அங்கிள். இது ரொம்ப சிம்பிளா இருக்கே."

"குடும்பத்துக்குன்னே பண்ணின கார் ஆச்சே! பாடி டிசைன் ஓர் இத்தாலிக்காரன் போட்டது. அலட்டலே கிடையாது. கதவு நல்லா அகலமாத் திறக்கும், பட்டுப்புடவை கசங்காம ஏறலாம். முன் சீட்டைச் சாய்ச்சா படுக்கை. லாங் டிரைவ்ல குழந்தை காலை நீட்டித் தூங்கும்."

"சூப்பர்! உங்க ஃபேமிலியோட எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

சிவராமகிருஷ்ணன் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

"எங்கேயும் போகலை. அவா உக்கார்றதுக்காகத்தான் ஒவ்வொரு ஸ்குரூவும் போட்டேன். போட்டு முடிக்கறதுக்குள்ள அவா போயிட்டா. நீங்க அப்படி இருந்துடாதீங்கோ. சனி, ஞாயிறு ஆத்துல இருங்கோ. பொண்டாட்டி பேசறச்சே நிமிர்ந்து மூஞ்சியப் பாருங்கோ."

ஆதர்ஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்டபம் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு ஷ்யாமளா. பக்கத்தில் அரக்குப் பட்டில் ஸ்ம்ருதி. எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! கொஞ்சம் இளைத்திருக்கிறாளோ? பார்த்தாயிற்று, இது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இன்ஜினை அணைக்காமல், மாப்பிள்ளை இறங்குவதற்காகக் காத்திருந்தார்.

இறங்கிய ஆதர்ஷ் வாசலுக்குப் போகவில்லை. காரைச் சுற்றி வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான்.

"இறங்குங்கோ மாமா."

"நானா? நான் டிரைவர்ப்பா, கிளம்பணும். உங்காத்துல புக் பண்ணினது காரை மட்டுந்தான்."

"எங்காத்துலயா?" ஆதர்ஷ் சிரித்தான். "ஜானவாசக் காரை என்னிக்கு மாமா பிள்ளையாத்துல புக் பண்ணியிருக்கா? அது பொண்ணாத்து ஏற்பாடுன்னா! 'அந்த பூஜோதான் வரணும், இறக்கிவிட்டுட்டு ஓடப் பார்ப்பார், கையைப் பிடிச்சு உள்ளே அழைச்சுண்டு வா'ன்னு சொன்னதே ஷ்யாமளா ஆன்ட்டிதான்."