அறுநூறு அடி

பக்கவாதத்தில் விழுந்த சலேத்தம்மாளை இடுப்பு வாரில் தொங்கவிட்டு, இரண்டு கால்களையும் எந்திரத்தின் இரும்புக் கால்களோடு சேர்த்துப் பூட்டுவாள் பிசியோதெரபிஸ்ட் நிவேதா. ஓடும் பட்டையின் மேல் எந்திரம் அவள் கால்களை மாறி மாறித் தூக்கிவைக்கும். நூறு அடிக்கு ஒருமுறை அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "மிக நன்று" என்று சொல்லும். முப்பது வருடம் தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாக நடந்தவளை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. பதினோராம் நாள் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே கால்களைத் துவளவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எந்திரம் அறுநூறு அடியையும் முடித்துவிட்டு "மிக நன்று" என்றது.

"சூப்பர்மா! நேத்தைவிட நல்லா நடந்திருக்கீங்க," என்று திரையைக் காட்டினாள் நிவேதா. "நாளைக்கே டாக்டர் உங்கள வீட்டுக்கு அனுப்பிருவாரு."

சலேத்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கட்டி நடந்தேன்? செத்த மீன வாலப் புடிச்சு ஆட்டி, உசுரோட இருக்குன்னு எவளுக்காவது நான் வித்திருக்கேனா? அவுத்து விடு!"

அந்தச் சத்தத்தில் மிரண்ட நிவேதா வாரையும் கால் பூட்டுகளையும் அவிழ்த்து அவளைத் தரையில் இறக்கினாள். எந்திரத்தை அணைக்க மறந்துவிட்டாள்; அது தானாகவே அடுத்த சுற்றைத் தொடங்கியது. சலேத்தம்மாள் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இடது பாதத்தைத் தரையில் இழுத்தாள். அது ஒரு விரற்கடை நகர்ந்தது. பின்னால் ஆளில்லாத இரும்புக் கால்கள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன.

"மிக நன்று," என்றது குரல்.

"வாய மூடு," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். அடுத்த விரற்கடைக்கு மூச்சைப் பிடித்தாள்.