கணவாயைக் கடக்கும் சிவப்புக் கோடு

வெளிப் பனியில் பட்ட காலை வெயில் சென்ட் லோரன்ட் என்ற மலையூரில் ஒரு வீட்டுச் சுவரில் கண்கூச விழுகிறது. அங்கே தனுஷா ஒட்டியிருந்த ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு வரைபடத்தை அப்பா மகேந்திரராசா பிய்த்து இழுக்கிறார். அவள் சிவப்புப் பேனாவால் கீறிய ஓட்டப்பாதைகள் மலைகளோடு சேர்ந்து கிழிகின்றன. அவளுடைய ஓட்டச் சப்பாத்தாலேயே அவள் கன்னத்தில் அடி விழுகிறது. உதட்டில் இரத்தம் கசிகிறது. "களவா எல்லை கடத்தின ஏஜென்சிக்காரன் ஒரு மணித்தியால நடை எண்டவன். உன்ர சித்தப்பாவை அந்த மலையில பனிக்குள்ள விட்டிட்டு வந்தனான். அங்க நீ விளையாட்டுக்கு ஓடப்போறியோ?" தனுஷா கிழிந்த துண்டுகளைத் தரையில் பொருத்துகிறாள். "எந்த இடமெண்டு காட்டுங்கோ அப்பா, அதாலதான் ஓடுவன்." ஓங்கிய சப்பாத்து ஒரு கணம் நிற்கிறது. "இருட்டுக்குள்ள எனக்கெங்கயடி தெரியும்" என்று அவர் கத்த, சப்பாத்து மறுபடி இறங்குகிறது. அவள் தாளிலிருந்து கையை எடுக்கவில்லை.